"நான் போனாலும் பென்ஷன் வரும்"

கேள்வி: அக்கா வீட்டுக்காரர் 17 வருடம் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வந்தவர். இப்போது பேங்க் செக்யூரிட்டி. சொந்த லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறார். மூன்று மாதமாகச் சரியான தூக்கமில்லை, தினமும் கேன்டீன் ரம். போன வாரம் பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு), ஏ.டி.எம். கார்டு எல்லாவற்றையும் அக்காவிடம் கொடுத்து, "நான் போனாலும் உனக்குப் பென்ஷன் வரும்" என்றாராம். நாமே கேட்டால் தூண்டிவிட்டதாகிவிடுமோ?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. உள்ளே இருந்தால் வெளியே வரும், அவ்வளவுதான். பென்ஷன் காகிதங்களை மனைவியிடம் கொடுத்து வைப்பது நல்ல பழக்கம்தான். தூக்கமின்மை, குடி, இந்தப் பேச்சு மூன்றும் கூடவே வரும்போதுதான் ஆபத்து. இன்றே பேசுங்கள்.

"தப்பா எதுவும் நினைக்கலையே மாமா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு "இல்லை" என்ற பதில்தான் வரும். அவர் குடிக்காத நேரமாகப் பார்த்து, தனியாக உட்கார்ந்து, "மாமா, செத்துரலாம்னு தோணுதா?" என்றே கேளுங்கள். "ஆமாம்" என்றால் அழுது புலம்பாமல், "எப்படி, எப்பன்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா?" என்று அடுத்துக் கேளுங்கள். அதற்கும் பதில் இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாமல், மதுரை பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

துப்பாக்கியை நீங்களே எடுத்து ஒளித்து வைக்காதீர்கள். லைசென்ஸ் அவர் பெயரில் இருப்பதால் உங்கள் மேல் வழக்கு வரலாம். அவரையே கூட்டிப்போய் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். மறுத்தால் இன்ஸ்பெக்டரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். கொஞ்ச காலம் துப்பாக்கி இல்லாத டியூட்டி தரும்படி கம்பெனியில் கேட்கலாம். தோட்டத்துப் பூச்சிமருந்தையும் வீட்டில் வைக்காதீர்கள். அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணிவது; அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இருக்கக் கூடாது.

குடியை நிறுத்துகிறேன் என்று மாலை போட விட்டுவிடாதீர்கள். தினமும் குடிப்பவர் சட்டென நிறுத்தினால் முதல் நாளிலேயே கைநடுக்கம், இரண்டு நாளுக்குள் வலிப்பு, அப்புறம் பிதற்றல் வரை போகலாம். டாக்டர் மாத்திரையோடுதான் நிறுத்த வேண்டும்.

உறவுக்காரர் சொல்லிக் கேட்காத பட்டாளத்துக்காரர், பழைய யூனிட்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தால் பேசிவிடுவார். அப்படி ஒருவரைத் தேடிப் பிடியுங்கள்.

கேள்வி: மனநல டாக்டரிடம் போனால் ஊர் பேசும், செலவும் ஆகும் என்கிறார் என் கணவர். அவரும் முன்னாள் ராணுவ வீரர்தான்.
- வாசகி, திருமங்கலம்

பதில்: இ.சி.எச்.எஸ். (முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம்) கார்டு இருந்தால் சர்க்கரை, பிரஷர் போல மனநல சிகிச்சையும் அதில் அடக்கம். கார்டோடு மதுரை பாலிகிளினிக்கில் காட்டி ரெஃபரல் வாங்குங்கள். தூக்கமில்லை என்று சொல்லியே போகலாம். ஊருக்கும் அதுவே போதும். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பத்து நாளில் "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்துவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் கோளாறு. மாத்திரைப் பட்டை உங்கள் கையில் இருக்கட்டும். அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் கொடுங்கள்.

தற்கொலை முயற்சி செய்து பிழைத்தவர் மேல் கேஸ் போடுவார்கள் என்று பயந்து ஆஸ்பத்திரியைத் தவிர்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017 மனநலச் சட்டத்தின் 115-வது பிரிவு, அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, தண்டனையிலிருந்து காக்கிறது.

இரவில் யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் 14416 (டெலி மானஸ் மனநல உதவி எண்) அல்லது 104 (தமிழக அரசின் மருத்துவ உதவி எண்). இரண்டிலும் தமிழில் பேசலாம். அவருக்காக நீங்களும் கூப்பிடலாம்.