தொலைநோக்கிக்குத் திசை சொல்வது யார்?

கேள்வி: ஹப்பிள், ஜேம்ஸ் வெப் போன்ற விண்வெளித் தொலைநோக்கிகள் எதை நோக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர்கள் யார்?

பதில்: எந்த நாட்டு வானியலாளரும் விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனம் கூட்டும் வல்லுநர் குழுக்கள் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கின்றன. கேட்கப்படும் நேரம் கைவசம் உள்ள நேரத்தைப் போலப் பல மடங்கு என்பதால் பெரும்பாலானவை நிராகரிக்கப்படுகின்றன. ஹப்பிளுக்கு வரும் விண்ணப்பங்களில், 2018 முதல், அனுப்பியவரின் பெயரை மதிப்பிடுவோரிடம் காட்டுவதில்லை. தாமதமாக வந்தாலும் நியாயமான ஏற்பாடு இது.

நேரத்தின் ஒரு சிறு பகுதி மட்டும் அந்நிறுவன இயக்குநரின் விருப்பத்துக்கு விடப்படும். அந்தச் சலுகையை 1995 டிசம்பரில் அப்போதைய இயக்குநர் ராபர்ட் வில்லியம்ஸ் பயன்படுத்திய விதம் துணிச்சலானது. சப்தரிஷி மண்டலத்தருகே, 100 மீட்டர் தொலைவில் வைத்த டென்னிஸ் பந்தின் அளவே தெரியும், ஏறக்குறைய வெறுமையான ஒரு மூலையை, வீண்வேலை என்று சக அறிஞர்கள் சிலர் எச்சரித்தும், 10 நாள்கள் தொடர்ந்து ஹப்பிளைப் பார்க்கச் செய்தார். 342 படங்களை ஒன்றுசேர்த்தபோது அந்த இருட்டுக்குள் ஏறத்தாழ 3,000 விண்மீன் திரள்கள் தெரிந்தன. அத்தரவுகளைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் உடனே எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.