வாங்கில் இருக்கும் மகன்

கேள்வி: பாரிஸ் புறநகரில் கடை நடத்துகிறேன். இருபத்திரண்டு வயது மகன், இங்குள்ள உதைபந்தாட்டக் கழகமொன்றில் இரண்டாவது கோல்காப்பாளர். கணக்கியல் படிப்பை விட்டுவிட்டுப் பயிற்றுநர் சான்றிதழுக்குப் படிக்கப் போகிறானாம். மூன்று வருடத்தில் நான் ஓர் ஆட்டத்துக்கும் போனதில்லை. வாங்கில் குந்தியிருப்பவனைப் பார்க்க எதற்குப் போவது? ஆடவே இடம் கிடைக்காதவன் யாருக்குப் பயிற்சி கொடுப்பான்? அவனை எப்படித் தடுப்பது?

பதில்: தடுப்பதைப் பிறகு பார்ப்போம். வாங்கில் குந்தியிருப்பவனைப் பார்க்க எதற்குப் போவது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை எழுதியபின் ஒருமுறையாவது வாசித்துப் பார்த்தீர்களா?

நீங்கள் வாழும் நாட்டின் கோல்காப்பாளர் பிலிப் பெர்ஜெரோவும் வாங்கில் இருந்தவர்தான். 1984இல் பிரான்ஸ் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற அணியில் இருந்தார். ஐந்து ஆட்டங்களிலும் கம்பங்களுக்கிடையே நின்றவர் ஜொயெல் பாட்ஸ். 1986 உலகக் கிண்ணத்தில், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பாட்ஸுக்கு ஓய்வு கொடுத்தபோதுகூட அல்பேர் ரூஸ்ட் இறங்கினாரே தவிர, இவர் இறங்கவில்லை. நாட்டுக்காக ஆடியது மொத்தம் 3 ஆட்டங்கள். அதே மனிதர் 1998இல் பிரான்ஸ் அணியின் பயிற்றுநர் எமே ஜாக்கேயின் உதவியாளராக இருந்து கோல்காப்பாளர்களைப் பயிற்றுவித்தார். அந்த உலகக் கிண்ணத்தில் பிரான்ஸ் 7 ஆட்டங்களில் வாங்கியது 2 கோல்கள். யாருக்குப் பயிற்சி கொடுப்பான் என்கிறீர்கள். அவர் பிரான்ஸின் முதலாவது கோல்காப்பாளர் பார்த்தேசுக்குக் கொடுத்தார்.

உங்கள் மகனும் அப்படி வருவான் என்று நான் சொல்லமாட்டேன். பயிற்றுநராகப் பாரிஸ் சென் ஜெர்மேன் கழகத்தை 2000இல் லீக்கின் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்த பெர்ஜெரோவை, அந்த டிசம்பரிலேயே, செடான் கழகத்திடம் 5-1 என்று தோற்றதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தனை நிலையற்ற தொழில். ஆகவே கணக்கியலை முடித்துவிட்டுப் போ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பெற்றவர்களுக்கு அந்த உரிமை உண்டென்று நம்பும் பழைய ஆள் நான். ஆனால், மூன்று வருடமாக மைதானத்தின் பக்கமே தலைகாட்டாத தகப்பன் அதைச் சொன்னால், பிள்ளையின் காதில் அது கடைக்கு ஆள் தேடுகிற பேச்சாகத்தான் விழும்.

அடுத்த ஞாயிறு கடையைப் பூட்டுங்கள். ஆட்டம் தொடங்க முக்கால் மணி நேரம் முன்பே போய்க் கோல் கம்பத்துக்குப் பின்னால் நில்லுங்கள். முதலாவது கோல்காப்பாளரின் கைகளைத் தயார்படுத்தப் பந்தை உதைத்துக் கொடுப்பவன் உங்கள் மகனாகத்தான் இருப்பான். எந்தப் பக்கம் உதைப்பது, எவ்வளவு வேகத்தில் உதைப்பது, அந்தப் பையன் களைத்துவிடுமுன் எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் அவன் எப்படி அளந்து செய்கிறான் என்று பாருங்கள். அவன் படிக்க விரும்பும் தொழில் அதுதான். படிப்பைப் பற்றிய பேச்சை வீடு திரும்பும் வழியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் வேண்டாம்.