'மறுகா' என்றால் சிரிக்கிறார்கள்

கேள்வி: எனக்கு 26 வயது, மட்டக்களப்பு கல்லடி. வேலை முடிந்து வந்து யூடியூப்பில் சமையல் வீடியோ போடுகிறேன். வீட்டில் பேசுவது போலத்தான் பேசுவேன். நண்டுக் கறி வீடியோவில் 'மறுகா முதற்பால ஊத்தணும்' என்றேன். எங்கள் ஊரில் 'மறுகா' என்றால் 'பிறகு'. அதைப் பிடித்துக்கொண்டு கமெண்டில் ஒரே நக்கல். அடுத்த வீடியோவில் சென்னைக்காரர் மாதிரிப் பேசினேன். பார்த்தவர்கள் மூன்று மடங்கு. ஆனால் அம்மா, 'இது யார்ர குரல் மகள்?' என்று கேட்டுவிட்டா. நான் எப்படிப் பேசுவது?

பதில்: தங்கச்சி, நீங்கள் அனுப்பிய இரண்டையும் பார்த்தேன். இரண்டாவதில் கோழிப் பொரியலை ருசி பார்த்துவிட்டு ஒரு கணம் நிற்கிறீர்கள். உப்புக் காணுமா என்று யோசிக்கவில்லை, அடுத்த சொல்லைச் சென்னையில் எப்படிச் சொல்வார்கள் என்று தேடுகிறீர்கள். அம்மாவுக்குப் பிடிபட்டது அதுதான்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. கொழும்பில் படிக்கப் போன புதிதில், விடுதியில் நான் 'மறுகா வாறன்' என்றதும் அறையே சிரித்தது. யாழ்ப்பாணத் தோழிகளைப் பார்த்து, 'பிறகு' என்பதற்கு அவர்கள் சொல்லும் 'பேந்து' பழகினேன். மூன்று மாதத்தில் நாக்கில் ஒட்டிக்கொண்டது. லீவுக்கு வீட்டுக்கு வந்து, 'பேந்து சாப்பிடுறன்' என்றேன். அம்மா தேங்காய் திருவுவதை நிறுத்திவிட்டு, 'ஆரோட பேந்து?' என்று கேட்டா. இன்றைக்கும் எங்கள் வீட்டில் அது பகிடி.

உங்கள் கமெண்டில் வந்த சிரிப்புக்கு ஒரு காரணம் உண்டு. சென்னைப் படம் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். மதுரைப் பேச்சு, கோயம்புத்தூர்ப் பேச்சு என்று பிரித்துக்கூடச் சொல்வோம். எங்கள் வீட்டுப் பேச்சு அந்தப் பக்கம் போக வழியே இருக்கவில்லை. உங்களைக் கேட்டுச் சிரித்தவர்களில் பாதிப்பேர் அந்தச் சொல்லை முதல்முறையாகக் கேட்டிருப்பார்கள். அது கேலியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எங்கள் ஆட்களே சிரிப்பதுதான் சுடும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் 1966இல், பேச்சுத் தமிழ்களுக்குள் எழுத்துத் தமிழுக்கு மிக நெருக்கமானது மட்டக்களப்புத் தமிழ் என்று எழுதினார். இதைக் கமெண்டில் ஒட்டிச் சண்டைக்குப் போகாதீர்கள். உங்கள் மனதுக்குச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அதற்காகப் பேச்சை மாற்றுவதே பிழை என்று சொல்ல மாட்டேன். 1970களில் இலங்கை வானொலியை ஆசையோடு கேட்ட தமிழ்நாட்டுக்காரர் ஏராளம். கே. எஸ். ராஜாவும் பி. எச். அப்துல் ஹமீதும் வீட்டுப் பேச்சில் அறிவிப்புச் செய்யவில்லை, மைக்குக்கென்று ஒரு தமிழ் வைத்திருந்தார்கள். ஆனால் அது இரவல் தமிழ் அல்ல. இந்த மண்ணின் குரல் என்று கேட்டவுடனே தெரியும். நீங்களும் வேகத்தைக் குறையுங்கள், தெளிவாகச் சொல்லுங்கள். 'மறுகா' வரும்போது திரையில் சின்னதாய் 'பிறகு' என்று போட்டுவிடலாம்.

மூன்று மடங்குக் கணக்கையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். நண்டு வீடியோ 11 நிமிடம், கோழிப் பொரியல் 4 நிமிடம். நண்டு உடைத்துக் கழுவ எத்தனை பேருக்குப் பொறுமை? நக்கலடித்தவரும் 'மறுகா' வரும் இடம் வரை இருந்து பார்த்துவிட்டுத்தானே எழுதியிருக்கிறார். அதுவும் உங்கள் கணக்கில்தான் சேரும். அம்மாவை இழுத்துத் திட்டுகிறவர்களை மட்டும் யோசிக்காமல் பிளாக் பண்ணுங்கள்.

சரி, எனக்கு ஒரு சந்தேகம். அந்த நண்டுக் கறியில் முருங்கை இலை போட்டதைக் காட்டினீர்கள், எப்போது என்று சொல்லவேயில்லை. முதற்பாலுக்கு முன்னமா, மறுகாவா?