கொள்ளுத்தாத்தா போன திமிங்கிலக் கப்பல்

கேள்வி: என் தாத்தாவின் அப்பா வேலு, திமிங்கில வேட்டைக் கப்பலில் வேலை பார்த்தவராம். கப்பல் பெயர் தெரியாது, ஒரு திமிங்கிலப் பல் மட்டும் வீட்டில் இருக்கிறது. எங்கே தேடுவது?
– வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: முதலில் அந்தப் பல்லை ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், சகோதரி. அந்தக் கப்பல்காரர்கள் பல்லில் ஊசியால் படம் கீறிக் கரியைத் தேய்ப்பார்கள், கப்பல் பெயரோ வருடமோ மங்கலாகத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. துடைக்க மட்டும் வேண்டாம், கரி போய்விடும்.

அப்புறம், எந்த நாட்டுக் கப்பல்? அமெரிக்கக் கப்பல் என்றால் நியூ பெட்ஃபோர்டு திமிங்கில அருங்காட்சியகத்தின் மாலுமிப் பட்டியலை இணையத்திலேயே தேடலாம். பலருக்கு வயது, உயரம், தோல் நிறம், முடி நிறம்கூட எழுதியிருக்கும். பிரிட்டிஷ் கப்பல் என்றால் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு எழுதுங்கள், 1863 முதல் 1938 வரையான மாலுமி ஒப்பந்தங்களில் சுமார் 70 சதவீதம் அங்குள்ள கடல்சார் வரலாற்று ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கிறது.

பெயர்தான் பெரிய தலைவலி. குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருப்பார், அதனால் வேலு ‘வீலோ’ ஆகியிருக்கலாம், ‘வெல்லூ’ ஆகியிருக்கலாம், எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். பிறந்த ஊரிலும் பினாங்கோடு நிறுத்தாமல், ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு’ என்ற பழைய பெயரையும் தேடுங்கள்.