கொங்குப் பக்கம் பிறந்து சமூகவியல் படித்த ஒருவர் கடல் பாதுகாப்பு ஆய்வுக்குப் போக முடியுமா?

கேள்வி கேட்டவர் கோவையில் முதுகலை படிக்கிறாராம். "கடல் உயிரியல் தெரியாதவளுக்கு அங்கே என்ன வேலை?" என்று வீட்டில் கேட்கிறார்களாம்.

போகலாம். நான் சென்னிமலைப் பக்கம். கடலை முதலில் பார்த்தபோது எனக்கு வயது பத்தொன்பது.

அப்பாருக்குக் கீழ்பவானிக் கிளைவாய்க்காலின் கடைமடையில் மூன்று ஏக்கர். ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், மொத்தம் 2.07 லட்சம் ஏக்கர், அத்தனைக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட முடியாது. அதனால் ஒரு போகம் ஒற்றைப்படை மதகுகளுக்கு, அடுத்தது இரட்டைப்படை மதகுகளுக்கு. சட்டம் அப்படி. ஆனால் எங்கள் முறை வரும் ராத்திரிகளில் அப்பாரு மம்பட்டியும் டார்ச்சுமாக மடையிலேயே காவல் கிடப்பார். மேல்மடைக்காரர் திருப்பி விட்டுவிடுவார் என்ற பயம்தான். பங்கு பிரிப்பதைப் பற்றி நான் கற்ற முதல் பாடம் அங்கேதான்.

முனைவர் பட்டத்துக்காகப் பாக் விரிகுடாவுக்குப் போனேன். அங்கே வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மீதி நாட்கள் நாட்டுப்படகு. கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது, எங்கள் ஊர் மதகுக் கணக்கேதான்! கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்கிறது 1983-ஆம் ஆண்டுச் சட்டம். சரி, ராத்திரியில் காவல் யார்? அதைக் கேட்க ஆரம்பித்ததுதான் என் ஆய்வு. மீன் எத்தனை இருக்கிறது என்பதை உயிரியலாளர் சொல்லிவிடுவார். யார் பிடிக்கலாம், யார் நிற்க வேண்டும், அதை யார் முடிவு செய்தார்கள் என்பது நம் வேலை.

எலினார் ஆஸ்ட்ரம் அம்மையாரைக் கட்டாயம் படியுங்கள். 2009-இல் பொருளாதார நோபல் வாங்கியவர், ஆனால் அரசியல் அறிவியல்காரர். துருக்கியின் அலன்யா மீனவர்கள் குலுக்கல் போட்டு இடம் பிரிப்பதையும், ஸ்பெயினின் வலென்சியா உழவர்கள் முறை வைத்து நீர் பாய்ச்சுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியிருக்கிறார். பழவேற்காடு ஏரியில் நம் மீனவர்களுக்கும் 'பாடு' என்று அப்படி ஒரு முறை உண்டு. அதைப் புகழ்ந்து எழுதுபவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம். அந்தப் பாடு முறையில் சேராத சாதிக்காரர் ஏரிக்கரையில் நின்று பார்க்க வேண்டியதுதான். நிலம் இல்லாதவருக்கு எங்கள் வாய்க்காலிலும் முறை கிடையாது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986-இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பவளத்துக்குப் பாதுகாப்பு தேவை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே தலைமுறையாகக் கடல்பாசி எடுத்த பெண்களுக்கு ஒரே நாளில் 'அத்துமீறி நுழைபவர்' என்று பெயர் வந்துவிட்டது. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முங்கி எடுப்பவர்கள் அவர்கள். பாசி வளர நாள் விட்டுத்தான் எடுப்போம் என்று அவர்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். இதை எழுதிய கட்டுரைதான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. அதற்கு முன் ஒரு நேர்முகத் தேர்வில் மீனின் வளர்ச்சி விகிதத்தைக் கணக்கிடச் சொன்னார்கள். முழித்தேன், அனுப்பிவிட்டார்கள்.

"கடல்ல ஏது கண்ணு மதகு?" என்று அப்பாரு ஒருமுறை கேட்டார். 12 கடல் மைல்வரை மாநிலம், 200 வரை ஒன்றிய அரசு, அதற்கு அப்பால் யாருக்கும் சொந்தமில்லை, என்றேன். அந்த அப்பாலுக்கும், அங்குள்ள உயிர்வளத்தைக் காக்க, 2023-இல் ஐ.நா.வில் ஒரு ஒப்பந்தம் ஏற்கப்பட்டிருக்கிறது. உங்கள் தலைமுறைக்கு அங்கேதான் வேலை அதிகம் வரும் என்பது என் கணிப்பு.

சம்பள விஷயம்: நிரந்தரப் பதவி குறைவு, இரண்டு மூன்று வருட ஒப்பந்தங்கள்தான் அதிகம். உதவித்தொகை நான்கு மாதம் தள்ளி வந்த காலமும் உண்டு. வீட்டில் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், படகு ஏறும் நாளில் காலை இட்லி இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் ஆறு சாப்பிட்டுவிட்டு ஏறினேன். அந்த ஊரில் இன்னும் என்னை 'ஆறு இட்லி' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.