லேபிள் இல்லாத டப்பா: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: புராஜெக்டுக்காக சோடியம் ஹைட்ரைடு என்ற ஆய்வக ரசாயனம் 25 கிராம் வாங்கினேன். லேபிளில் 60% என்று போட்டிருக்கிறது. மீதி 40% கலப்படமா?

பதில்: இல்லை, அது மினரல் ஆயில். ஈரம் பட்டாலே ஹைட்ரஜனைக் கக்கித் தீப்பிடிக்கக்கூடிய பொருளுக்கு எண்ணெய்தான் காவல். ஆனால் உங்கள் கையில் சரக்கு 15 கிராம்தான். கடைக்குக் கடை விலை ஒப்பிடும்போதும் அந்த 15 கிராமுக்குக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: வீட்டில் சோப்பு செய்கிறேன். காஸ்டிக் சோடாவைவிட சோடியம் ஹைட்ரைடு வீரியமாமே, வாங்கலாமா?

பதில்: கூடவே கூடாது. தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும்.

கேள்வி: சொந்தக் காசில் ஆய்வுக்குச் சோடியம் ஹைட்ரைடு வாங்கினேன். கடைக்காரர் ஜிப் கவரில் கட்டிக் கொடுத்தார். பிரித்தால் வெள்ளைக் கட்டிகள், வினையே நடக்கவில்லை. திருப்பி எடுக்க மறுக்கிறார்.

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. இது வழக்கமாகச் சாம்பல் நிறப் பொடி. உங்களுக்கு வந்தது பெரும்பாலும் காற்றின் ஈரத்தில் கெட்டுக் காஸ்டிக் சோடாவாகிப்போன சரக்கு. பெரிய டின்னை உடைத்துச் சில்லறையாக விற்கும் இந்தப் பழக்கத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் வாங்கிய ஒரு டப்பாவில் கடை லேபிளைச் சுரண்டினால், அடியில் கம்பெனி ஒட்டிய தேதி, பல வருடம் பழசு! சதவீதம், பேட்ச் எண், தேதி மூன்றும் லேபிளில் இருக்க வேண்டும். அனுப்பும் பெட்டியில் இந்த அபாயப் பொருளுக்கான ஐ.நா. எண் 1427-ம், தீச்சுடர் போட்ட நீலச் சாய்சதுரமும் இருக்க வேண்டும். இல்லாததைத் தொடாதீர்கள். லாப வியாபாரத்துக்கு வாங்கவில்லை என்பதால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குக் கைகொடுக்கும். பில், கவர், கட்டிகள் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அப்புறமும் கடைக்காரர் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். விடாதீர்கள்.

கேள்வி: சோடியம் ஹைட்ரைடோடு டிஎம்எஃப் (டைமெத்தில்ஃபார்மமைடு) கரைப்பானும் வாங்கினால் தள்ளுபடியாம். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். இரண்டும் சேர்ந்து சூடேறிக் கட்டுமீறிய விபத்துகள் பதிவாகியிருக்கின்றன. அதற்குப் பதில் டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பானைக் கேளுங்கள்.

கேள்வி: மலிவு என்று சோடியம் ஹைட்ரைடு 500 கிராம் டின் எடுத்தோம். தேவைப்பட்டது 5 கிராம். மிச்சத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாமா?

பதில்: 5 கிராமுக்கு அரைக் கிலோவா? வாங்கும் முன் யோசிக்க வேண்டாமா? அதில் தண்ணீர் பட்டால் கிளம்புவது ஏறக்குறைய 300 லிட்டர் ஹைட்ரஜன், அதுவும் கொதிக்கும் சூட்டோடு. அபாயக் கழிவு எடுக்க உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படையுங்கள். அதுவரை மூடியை இறுக்கி, ஈரம் எட்டாத இடத்தில் வையுங்கள். பக்கத்தில் உலர்ந்த மணல் இருக்கட்டும். தண்ணீரோ கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானோ இதற்கு ஆகாது.