அந்தமானுக்கு விமானம் குறைந்தால் ஏற்காடு நிரம்புமா?

கேள்வி: அந்தமானுக்கு விமானங்களைக் குறைத்தால் டிக்கெட் விலை எகிறிவிடுகிறது, ஆட்கள் போவதில்லை என்று புலம்புகிறார்கள். போகட்டுமே! அங்கே போக முடியாதவர்கள் நம் ஏற்காட்டுக்குத்தானே வருவார்கள்? நமக்கு லாபம்தானே, ஆசிரியரே?
(காட்டேஜ் நடத்தும் வாசகர், ஏற்காடு)

பதில்: வர மாட்டார்கள். கடலில் கால் நனைக்க ஆசைப்பட்டு ஒரு வருஷமாகச் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்தவர், டிக்கெட் கட்டுப்படியாகவில்லை என்றதும் உங்கள் ஏரியில் பெடல் படகு மிதிக்க வந்துவிடுவாரா என்ன? கொழும்புக்கு எவ்வளவு என்று பார்ப்பார், அப்புறம் தாய்லாந்துக்கு எவ்வளவு என்று பார்ப்பார், அதுவும் சரிப்படாவிட்டால் அந்தப் பணத்தில் வீட்டுக்கு ஏசி வாங்கிப் போட்டுவிட்டு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார். ஏற்காட்டுக்கு வர அவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் பைக்கில் பெட்ரோலும் போதும், அதற்கு எதற்கு அந்தமான் கெட வேண்டும்?

2024 டிசம்பரை அதற்குள் மறந்துவிட்டீர்களா? ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து, வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிட்டார்களே, அந்தச் சமயத்தில் நான் மேலே வந்திருந்தேன். ஒண்டிக்கடை பக்கம் மிளகாய் பஜ்ஜி போடுகிற அக்கா அடுப்பைப் பற்றவைக்காமல், கடலை மாவுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். “கரைச்சிட்டா வீணாப் போயிடும் சார், ரெண்டு வண்டி வரட்டும், கரைக்கிறேன்” என்றார். அரை மணி நேரம் நின்றேன், ஒரு வண்டியும் வரவில்லை. உங்களுக்காவது குப்பனூர் இருந்தது. அந்தமானுக்குக் குப்பனூர் கிடையாது.

கப்பல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. சென்னையிலிருந்து ஏறக்குறைய 1,350 கிலோமீட்டர், கடல் அமைதியாக இருந்தாலே மூன்று நாள் ஆகும். போக மூன்று, வர மூன்று என்றால் பிள்ளைகளின் லீவும் உங்கள் லீவும் நடுக்கடலிலேயே தீர்ந்துவிடும், குமட்டல் தனி.

2023இல் நடந்ததைப் பாருங்கள். மே 3ஆம் தேதி, கோடை விடுமுறை நேரத்தில், கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் இன்ஜின் கிடைக்கவில்லை, கையில் பணமில்லை என்று தன் விமானங்களை எல்லாம் தரையில் நிறுத்தியது. அந்தமான் தலைநகர் போர்ட் பிளேருக்கும் பறந்துகொண்டிருந்த நிறுவனம் அது. அதே வருஷம் ஜூலையில் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சுமார் 710 கோடி ரூபாயில், ஆண்டுக்கு 50 லட்சம் பயணிகளைத் தாங்கும் புதிய விமான நிலைய முனையத்தைத் திறந்தார்கள். சிப்பி வடிவம், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. கல்யாண மண்டபத்தை இடித்துப் பெரிதாகக் கட்டி முடிக்கிற நேரத்தில் சொந்தக்காரர்களை ஏற்றிவந்த பஸ் ஒன்று நின்றுபோன கதை.

இருக்கிற சீட்டுக்கு ஆள் அதிகமானால் விலை ஏறும், அது தெரிந்ததுதான். ஆனால் முதலில் கழன்றுகொள்வது யார்? தேனிலவுக்குப் போகிற ஐ.டி. ஜோடி எப்படியும் போய்விடும். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று நாலு டிக்கெட் போட வேண்டிய நம் சேலம் அம்மாபேட்டைக் குடும்பம்தான் நின்றுவிடும். கடலோர ரிசார்ட் எப்படியோ சமாளித்துக்கொள்ளும், அடிவாங்குவது இந்தக் குடும்பத்தை நம்பியிருக்கிற சின்ன லாட்ஜ், ஜெட்டி வாசலில் நிற்கிற ஆட்டோ, ஹேவ்லாக் தீவில் அடியில் கண்ணாடி பதித்த படகு ஓட்டுகிறவர், இளநீர் வெட்டுகிறவர். அக்டோபரிலிருந்து மே வரைதான் அவர்களுக்கு சீசன், அப்புறம் மழை. அதில் இரண்டு மாதம் போனாலும் மிச்ச வருஷத்தை எதை வைத்து ஓட்டுவது? இன்னொன்று, சுற்றுலாக்காரர் உட்காருகிற அதே சீட்டில்தான் சென்னைக்கு வைத்தியத்துக்கு வருகிற தீவு நோயாளியும் உட்கார வேண்டும், இங்கே படிக்கிற பிள்ளையும் லீவுக்கு ஊர் போக வேண்டும். அங்கே தமிழர்களும் ஏராளம், தெரியும்தானே?

நம் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று உறைக்காது, அதில் தப்புமில்லை. நம் சேலம் விமான நிலையம் இருக்கிற காமலாபுரத்துக்கு 2018 மார்ச்சில், சிறு ஊர்களுக்கும் விமானம் விடுகிற மத்திய அரசின் உடான் திட்டத்தில் சென்னை விமானம் வந்தது, 2021இல் நின்றது, 2023 அக்டோபரில் திரும்ப வந்தது. நடுவில் சேலத்தில் யார் வீட்டு அடுப்பாவது அணைந்ததா? ராத்திரி ரயிலேறினோம், காலையில் சென்னையில் இறங்கினோம், விமானம் நின்றதே பாதிப் பேருக்குத் தெரியாது. தீவில் அப்படி இருக்க முடியாது.

சரி, உங்கள் கவலைக்கு வருகிறேன். சனி, ஞாயிறு நிரம்புகிறது, செவ்வாய், புதன் காலியாகக் கிடக்கிறது, அதுதானே? அதற்கு ஏன் அந்தமான் வரை போகிறீர்கள்? போன மாதம் ஏற்காட்டில் ஒரு காட்டேஜில் தங்கினேன், பெயர் வேண்டாம். விடிகாலை அந்தக் குளிரில் வெந்நீர் கேட்டதற்கு, ஏழரை மணிக்கு மேல் ஒரு பையன் ஒரே ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “ரெண்டு பேருக்கும் சேத்துதான் சார்” என்றான். அது உங்கள் காட்டேஜாக இருக்காது என்று நம்புகிறேன்.